கொடையும் கொள்முதலும்

ஓட்டமாவடியை அடுத்த மஜ்மா நகரில் ஒரு மையவாடி இருக்கின்றது. கொவிட் நோயால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டும் என 2020 ஏப்பிரலில் பிறந்த விதி, பத்து மாதங்களுக்கு மேல் நாட்டையும் நெஞ்சையும் சுட்டு, 2021 பெப்ரவரி இறுதியில் தளர்ந்தது. அவ்வாண்டு மார்ச் 5 ஆம் நாள் முதலாவது உடல் அங்கு அடக்கப்பட்டது. ஓராண்டுக் காலம் நாடு முழுவதற்கும் இவ்வூர் மண்ணே இடங்கொடுத்தது. அங்கு அடங்கியோர் 3,634 பேர். மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பௌத்தரும் இந்துக்களும் உளர். கிறிஸ்தவர் 85 பேரும் உளர்.

அந்த 85 பேரின் பொருட்டே இதனை எழுதுகின்றேன். கிறிஸ்தவன் ஏன் கொடுக்கின்றான் என்னும் வினாவுக்கு நம் ஆலயங்களில் இன்று வழங்கப்படும் விடை, அம்மண்ணில் நின்று சொல்லக்கூடியதொன்றா என்பதே என் கேள்வி.

சபைகள் சிலவற்றில் காணிக்கை வேளையில் எழும் பேச்சை அறியாதார் இல்லை. நூறு இட்டால் ஆயிரமாகத் திரும்பும், கடன் தீரும், வெளிநாட்டு விசா கைகூடும். இதற்கு ‘விதைக் காணிக்கை’ என்று பெயர். பெயர் வயலிலிருந்து வந்தது. கணக்கோ வட்டிக்கடையிலிருந்து வந்தது. பவுல் அடியார் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் விதைப்பு உவமையை இதற்குச் சான்றாகக் காட்டுவர். அந்நிருபம் எதன்பொருட்டு அவ்வுவமையை எடுத்தாள்கின்றது என்பதை மட்டும் சொல்லாது விடுவர். எருசலேமில் வறுமையுற்றிருந்த அடியார்க்காகத் திரட்டிய நிதியைப் பற்றிய பேச்சு அது. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் கிரேக்கர், பெறவிருந்தவர் யூதர். இடையிற் கடல் மட்டுமன்று, அதனினும் ஆழமான இனப் பிரிவும் கிடந்தது. முன்மாதிரியாகப் பவுல் காட்டும் மக்கெதோனியச் சபைகளோ கொடிய வறுமையிற் கிடந்தவை. கொடுத்ததனால் அவர்கள் செல்வராயினர் என்று அந்நிருபத்தில் ஓரிடத்தும் இல்லை. கிறிஸ்து தம்மை ஏழையாக்கிக் கொண்டமையை நினைப்பூட்டியே அவர் கொடை கேட்கின்றார். முன்னரே பெற்றுவிட்டாய், ஆதலாற் கொடு என்பதே அவ்வாதம். விளைச்சல் பற்றியும் அவர் பேசுகின்றார், மறுக்கவில்லை. ஆனால் அவ்விளைச்சல் மேலும் கொடுப்பதற்கே உரியதாகின்றது. விசாவுக்கு அங்கு இடமில்லை.

நற்செய்தியே கைம்மாறு வாக்களிக்கவில்லையா என்று கேட்கலாம். வாக்களிக்கின்றது. விருந்துக்குச் செல்வரை அழையாது ஏழைகளையும் முடவரையும் குருடரையும் அழைக்குமாறு லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் இயேசு கூறுகின்றார். அவர்களால் உனக்குத் திருப்பிச் செய்ய இயலாது என்பதே அவர் காட்டும் தகுதி. கைம்மாறு உயிர்த்தெழுதலின்போது கிடைக்கும். அதனை இம்மாத முடிவுக்குள் மாற்றித்தரும் வங்கி எதுவும் இல்லை.

இனி, கற்றோர் எழுப்பும் தடை ஒன்று உண்டு. நோக்கம் எதுவாயினும் என்ன, பசித்தவன் வயிறு நிறைந்தாற் போதாதா என்பர். பல்கலைக்கழகத் தேநீர்ச்சாலையில் எடுபடும் வாதம் இது. ஆனால் நோக்கம் நெஞ்சுக்குள் ஒளிந்து கிடப்பதன்று. கொடுக்கும் பொருளின் வடிவையே அது தீர்மானிக்கின்றது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்த பின்னர் வந்த படகுகளை நினைவு கூர்க. சில கரைகளில் தேவைக்கு மேற்பட்ட படகுகள் குவிந்தன. கடலுக்கு உதவாதனவும் அவற்றுள் இருந்தன. பல படகுகளின் பக்கங்களிற் கொடையாளரின் பெயர் பெரிதாய்த் தீட்டப்பட்டிருந்தது. மீனைச் சுமந்து விற்றவளுக்கு வேண்டியிருந்த சிறு முதலோ படமெடுக்க வாய்ப்பான பொருளன்று. தந்தோருட் கிறிஸ்தவரும் இருந்தனர், ஏனையோரும் இருந்தனர். இவ்வகையில் நமக்குள் சமய வேறுபாடு சிறிதும் இல்லை!

மதமாற்ற நோக்கத்தையும் இதே துலாக்கோலில் நிறுத்தல் வேண்டும். 1814 இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் பள்ளிக்கூடங்களைத் திறந்தார். மக்களைத் தம் சமயத்துக்கு அழைக்கும் நோக்கம் அவருக்கு இருந்தது. அதனை அவர் ஒளிக்கவும் இல்லை. ஓராண்டு நிறையுமுன் இவ்வூரிலேயே நோயுற்று இறந்தார். அவர் நோக்கத்தை நான் முழுதும் ஏற்கின்றேனல்லேன். ஆயினும் தன்னையே கொடுத்தவனை, பொதியரிசியோடு துண்டுப் பிரசுரம் நீட்டிவிட்டு மாலை வண்டியில் திரும்புவோரோடு ஒருங்குவைத்துப் பேச என் நா எழவில்லை.

கொடைக்கு மற்றொரு நிபந்தனையும் உண்டு. அதையும் பவுலே வற்புறுத்துகின்றார். கட்டாயத்தால் வருவது கொடையன்று. ஓட்டமாவடிக்கு முன்னர் அரசு சுட்டிய இடம் இரணைதீவு. 1992 இல் இடம்பெயர்ந்து, நெடும் போராட்டத்தின் பின் 2018 இல் மீண்ட கத்தோலிக்க மீனவரின் தீவு அது. அவர்களைக் கேளாமலே 2021 மார்ச்சுத் தொடக்கத்தில் அத்தீவு அறிவிக்கப்பட்டது. அவர்கள் தம் குருமாரோடு எதிர்த்து நின்றனர். கிறிஸ்தவர் ஈகை இவ்வளவுதானா என்று அன்று ஏளனம் செய்தோர் கொடையையும் பறிப்பையும் பிரித்தறியாதவர். பிறர் காணியை வள்ளன்மையோடு வழங்குதல் அரசுகளுக்கு எளிது.

மஜ்மா நகரில் நிலம் விட்டுக்கொடுத்தோர் செல்வரல்லர். மறுமைப் பயனை அவர்கள் எண்ணியிருப்பின் அதிற் குறைகாண நான் யார்? லூக்கா காட்டும் விருந்தாளியும் அதனையே எண்ணுகின்றான். தம்மவருக்கெனத் திறந்த மண்ணில் அயலாருக்கும் இடமிருந்தது என்பதே என்னைத் தொடுகின்றது. இறந்தவர் நன்றி சொல்லார். அங்குப் பெயர்ப்பலகையைப் படிக்கவும் அவருக்குக் கண்ணில்லை. அந்நிலத்தவர் பின்னர் மாற்றுக் காணி கேட்டு அலைந்த செய்தி பத்திரிகைகளில் வந்ததே. அப்போது அந்த 85 பேரின் சபைகள் எங்கிருந்தன?

ஆண்டுதோறும் நம் ஆலயங்களில் அறுப்பின் பண்டிகை வருகின்றது. பூசணியும் வாழைக்குலையும் ஏலம் போகின்றன; கூடிய விலை கேட்டவரின் பெயர் ஒலிபெருக்கியில் வருகின்றது. வரும் ஆண்டின் அப்பணத்தை, எவர் பெயரும் சொல்லாமல், துண்டுப் பிரசுரம் ஒன்றும் வையாமல், மஜ்மா நகருக்கு அனுப்பச் சபைகள் தீர்மானிக்கட்டும்.