'பூர்த்தி' விழுங்கிய சொற்கள்

ஆங்கிலத்தில் 'ஃபுல்', 'கம்பிளீட்' என இரு சொற்கள் உள. முன்னது ஆங்கிலர்க்குத் தொன்றுதொட்டு உரியது. பின்னது, நிரப்புதலைக் குறிக்கும் இலத்தீன் வினையினின்று தோன்றி 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் நுழைந்தது. அடிப்பொருள் ஒன்றேயாயினும் ஆங்கிலர் இவற்றைக் குழப்புவதில்லை. குடத்தில் வெற்றிடம் இல்லையேல் 'ஃபுல்' என்பர். தொகுதியில் ஓர் உறுப்பும் குறையாவிடின் 'கம்பிளீட்' என்பர். பேழை நிரம்ப நூல்கள் இருப்பினும், பத்து மடலங்களுள் ஒன்று இல்லையேல் அத்தொகுதி 'கம்பிளீட்' ஆகாது.

"பார்த்தீர்களா, கடன் வாங்கித்தானே ஆங்கிலம் வளர்ந்தது!" என்பார் நம்முள் உளர். அவர்கள் கடன் வாங்கிப் பொருள் வேறுபாட்டைப் பெருக்கினர். நாமோ கடன் வாங்கி, இருந்த வேறுபாட்டையும் அழித்தோம். இதுவே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

தமிழில் ஏரி நிரம்பும், உள்ளம் நிறையும், கண்ணீர் ததும்பும், கதிர் முற்றும், வேலை முடியும். உடையாத தேங்காய் முழுத்தேங்காய். 'நிறைகுடம் தளும்பாது' என்று எழுத்தறியாத் தாயும் நிறைதலையும் தளும்பலையும் பிரித்தறிந்து பேசினாள்.

இத்தனையையும் வடமொழிப் 'பூர்த்தி' ஒன்றே விழுங்கிற்று. படிவமும் பூர்த்தி, வயதும் பூர்த்தி, பணியும் பூர்த்தி, ஆசையும் பூர்த்தி! நோயாளிக்கோ 'பூரண குணம்'. படிவத்தை நிரப்புக, 18 அகவை நிறைந்தவர், பணி முடிந்தது, விருப்பம் நிறைவேறியது, முற்றும் நலம் பெற்றார். இவ்வாறு எழுதினால் எவர்க்கு விளங்காது? ஐந்து இடத்தில் ஐந்து சொல் வாழ்ந்த மொழியில் ஒன்றை மட்டும் விட்டுவைப்பதா வளர்ச்சி?

இன்று அப்'பூர்த்தி'யும் இளைஞர் நாவினின்று அகன்று வருகிறது. ஆனால் அவ்விடத்தில் தமிழ் அமரவில்லை. தொட்டி ஃபுல், வயிறு ஃபுல், நாள் ஃபுல், வேலையும் ஃபுல்லாக முடிந்ததாம்! ஆங்கிலன் வாயில் தன் எல்லைக்குள் நிற்கும் சொல், தமிழன் வாயில் எல்லா எல்லைகளையும் கடக்கிறது. வடமொழிப் 'பூர்ண'மும் ஆங்கில 'ஃபுல்'லும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது மொழிநூலார் முடிபு. அக்காள் போனாள், தங்கை வந்து அமர்ந்தாள். வீட்டுக்குரியவள் இன்னும் வாயிலிலேயே நிற்கிறாள்.

தமிழன்பர்களே! சொல் ஒன்று வழக்கு வீழ்ந்தால், அச்சொல் பிரித்துக் காட்டிய பொருளும் மங்கும். அடுத்த முறை 'பூர்த்தி' என எழுத எழுதுகோல் முனைகையில் ஒருகணம் நிறுத்துங்கள். நிரம்பியதா, நிறைந்ததா, முடிந்ததா, முற்றியதா என்று வினவுங்கள். விடையாக வருவது தமிழாகவே இருக்கும்.