வௌவாலும் வைகை நீரும்



சென்ற மாதம் மத்ரஸா மாணவர்களை வைகை அணைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மரமொன்றில் தொங்கிய வௌவால்களைக் கண்டதும் ஒரு சிறுவன் கல்லை எடுத்தான். "அபசகுனம் ஹஜ்ரத்!" என்றான். கல்லைக் கீழே போடச் சொல்லி, தெற்கேயுள்ள மேகமலையின் கதையைக் கூறினேன்.

1948ஆம் ஆண்டு அங்கஸ் ஹட்டன் என்னும் இயற்கை ஆர்வலர் மேகமலைக் காப்பித் தோட்டத்தில் ஒரு வௌவாலைப் பிடித்தார். சாதாரண இனமெனக் கருதப்பட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அது 24 ஆண்டுகள் கிடந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதனை நுணுகி ஆராய்ந்தார். வால் இல்லை, பல்லமைப்பும் வேறு. உலகம் அறியாத புதிய பேரினம் என்று நிறுவி, பறவையியல் மேதை சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். 1896இல் பம்பாயில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்து, மழலைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்தவர் சலீம் அலி.

இவ்வௌவால் பகலில் குகையில் உறங்கி, இரவில் அத்தி முதலிய காட்டுப் பழங்களை உண்கிறது. காப்பிக்கும் ஏலத்திற்கும் நிழல் வேண்டிப் பழைய காட்டு மரங்களை விட்டுவைத்த தோட்டத்தில் அதற்கு இரை உண்டு. தேயிலைக்காகக் காட்டை அடியோடு அழித்த சரிவில் என்ன உண்டு?

பழந்தின்னி வௌவால்கள் விதைகளைத் தொலைவில் உதிர்க்கின்றன. அவ்விதைகள் மரமாகி, வேர்களால் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. மரமற்ற சரிவின் மண்ணோ மழையில் கரைந்து ஆற்றில் இறங்குகிறது. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் நீர்மட்டம் 71 அடி. அதில் வண்டல் படிந்த அளவுக்கு நீருக்கு இடமில்லை.

2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. மலைக்குக் காவல் வந்தது. ஊருக்குள் வாழும் வௌவால்களுக்கு? பழந்தின்னி வௌவால்களைத் தீங்குயிர்களாகக் குறித்த சட்ட அட்டவணையே 2022இல்தான் நீக்கப்பட்டது. வீட்டுமனைக்காகத் தோப்புகள் விழுகின்றன. முற்றத்து மரங்கள் அசுத்தமென வெட்டப்படுகின்றன. வௌவால் கடித்த பழத்தை உண்ணாதீர்கள். அது அவசியமான எச்சரிக்கை. ஆனால் அதற்காக மரத்தை வெட்டாதீர்கள். அது நம்மிடம் உள்ள அமானிதம்.

எங்கள் மத்ரஸா ஆலமரத்தையும் எச்சத்தின் காரணமாக வெட்ட ஆலோசனை நடைபெறுகிறது. தரையைக் கழுவும் பொறுப்பை நான் ஏற்பதாகக் கூறியுள்ளேன். வாளியைத் தூக்க, கல்லெடுத்த அச்சிறுவனே முன்வந்திருக்கிறான்.