குற்றவாளியைத் தேடுவதா, காரணத்தைத் தேடுவதா?

பிரசவத்தில் ஒரு தாய் உயிரிழந்தால் ஊர் எழுப்பும் முதற் கேள்வி, "யார் குற்றவாளி?" என்பதே. துயரத்தில் எழும் அக்கேள்வியை நாம் குறைகூறோம். ஆனால், அடுத்த தாயைக் காக்கவல்ல கேள்வி வேறொன்று: "எங்கே தவறிற்று? அதனை எவ்வாறு திருத்துவது?"

1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 1,500க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 2010களில் அத்தொகை 40க்குக் கீழே நின்றது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையும், வீடு தேடி வந்த மருத்துவமாதரும், இலவச வைத்தியமும் இதற்கு அடிகோலின. அவற்றோடு துணைநின்றது தாய்மரண விசாரணை முறை.

ஒரு தாய் இறந்தால் அச்செய்தி குடும்ப சுகாதாரப் பணியகத்துக்கு அறிவிக்கப்படும். சுகாதார வைத்திய அதிகாரியும் மருத்துவமாதும் வீட்டில் விசாரிப்பர். ஆஸ்பத்திரியில் பதிவேடுகள் ஆராயப்படும். பின்னர் மாவட்டத்தில் யாவரும் கூடி ஆராய்வர். தேசிய மட்டத்தில் நிபுணர்கள் மீண்டும் ஆராய்வர். வீட்டார் ஆபத்தை உணரத் தாமதித்தனரா? வாகனம் கிடைக்கத் தாமதித்ததா? ஆஸ்பத்திரியை அடைந்த பின் இரத்தமோ சிகிச்சையோ தாமதித்ததா? இவையே அங்கு கேட்கப்படுவன. எவரையும் தண்டிப்பது நோக்கமன்று.

வழக்காளியும் எதிரியும் நிற்கும் மன்றில் பழகியோருக்கு இது விநோதமாகத் தோன்றலாம். ஆனால், தண்டனைக்கு அஞ்சுவோர் உண்மையை மறைப்பர். மறைக்கப்பட்ட உண்மை மற்றொரு மரணத்துக்கு வித்தாகும். குளக்கட்டு உடைந்தால் கமக்காரர் முதலில் உடைப்பை அடைப்பர். பின்னர் ஏன் உடைந்ததெனக் கூடி ஆராய்வர். கொடிய கவனயீனம் நிகழ்ந்திருப்பின் அதற்கு நீதிமன்றம் இருக்கவே இருக்கிறது.

ஆயினும், குற்றஞ்சாட்டாமை பொறுப்பின்மைக்கு மறைவிடமாதல் கூடாது. தூரத்துக் கிராமத்துக்கு அம்புலன்ஸ் வேண்டும், மாவட்டத்தில் இரத்தச் சேமிப்புப் பெருகவேண்டும் என ஒரு விசாரணை முடிவுசெய்தால், அது நிறைவேறியதா எனக் கேட்கும் உரிமை மக்களுக்குண்டு. ஆகவே, இறந்தவர் பெயரையும் பணிசெய்தோர் பெயரையும் நீக்கி, கண்ட குறைகளையும் செய்த திருத்தங்களையும் ஆண்டுதோறும் தமிழில் மக்கள் முன் வைக்கவேண்டும். கமக்காரர் அமைப்புகளும் மாதர் சங்கங்களும் இரவுநேர வாகனத்துக்கும் இரத்ததானத்துக்கும் ஒழுங்கு செய்தல் வேண்டும். வைத்தியரும் சட்டத்தரணிகளும் அவர்களுக்குத் துணைநிற்றல் கடமையாகும்.

மரணத்தின் காரணத்தை அறிவது பாதி வேலையே. அறிந்ததை நிறைவேற்றும் மீதிப் பணியைச் சுகாதார அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் இவ்வாண்டே தொடங்குவார்களாக!