தொட்டிக்குள் சம்பந்தம்
கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பலரும் நிறம் பார்த்துத்தான் மீன் பொறுக்குகிறார்கள். கோடு போட்ட டைகர் பார்ப் இரண்டு, துடுப்பு தொங்கும் ஏஞ்சல் ஒன்று. மறுவாரமே ஏஞ்சலின் துடுப்பு கந்தல். பார்ப் மேல் பழி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அது கூட்டமாக வாழும் மீன். எட்டு, பத்தாக விட்டால் துரத்தலும் கடியும் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். இரண்டே இரண்டு என்றால் அக்கம்பக்கத்து வாலைத்தான் தேடும். கூட்டமாக இருந்தாலும் கப்பி, ஃபைட்டர் மாதிரி நீள்வால்காரர்களைச் சேர்க்க வேண்டாம். வேகமாக நீந்தும் ரோஸி பார்ப் தாக்குப்பிடிக்கும். ஏஞ்சல் மட்டும் அப்பாவியா என்ன? வளர்ந்தபின் நியான் டெட்ராவை ஒவ்வொன்றாக விழுங்கும். "எல்லாம் ஒண்ணா இருக்கும் சார்" என்பார் கடைக்காரர். எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள்.