வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு யார் வருவார்கள்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற அப்பாவாலும், எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவாலும் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எந்தக் கூட்டத்துக்கும் வர முடியாது. வந்தால் அரை நாள் சம்பளம் போகும். அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக் கூட்டங்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வைக்கப்படுகின்றன. ஆவடிப் பக்கத்தில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த கடைசி ஆண்டுகளில் அந்தக் கூட்டங்களை நடத்தியவள் நான். "கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போயிடறேன் டீச்சர், சூப்பர்வைசர் திட்டுவாரு" என்று வாசலிலேயே நின்று கேட்ட அம்மாக்களின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். வெறும் நேரமாற்றமாகத் தெரியலாம். அதற்குப் பின்னால் இருப்பது, ஒரு பள்ளிக்கூடம் யாருடையது என்கிற கேள்வி. அதை எனக்குச் சொல்லித் தந்தவர் என் அப்பா.

அப்பா ஹையர் கிரேடு வாத்தியார். 1950-களில் வேப்பம்பட்டுக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு சிற்றூரில் ஓராசிரியர் பள்ளி அவர் பொறுப்பில் இருந்தது. ஐந்து வகுப்புக்கும் ஒரே கூரை, ஒரே கரும்பலகை. காலையில் பள்ளிக்குப் போவதற்கு முன்னால் தெருத் தெருவாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளைக் கூப்பிடுவார். மாடு மேய்க்கிற பையனின் கூலி அந்த வீட்டுக்கு ஒரு வேளைச் சோறு. அதை விட்டுவிட்டு அ, ஆ எழுத வா என்று அழைக்க அவருக்கே நாக்கு கூசியதாம்.

1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு மாநிலமெங்கும் பரவியபோதுதான் அவருக்கு வாய் திறக்கத் தைரியம் வந்தது. அந்தத் திட்டம் முதலில் ஊர் மக்களின் கொடையில் தொடங்கியது. அரசு மானியம் மறு ஆண்டுதான் சேர்ந்தது. அதுவரை அப்பாவும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் வீடு வீடாக அரிசி வாங்கினார்கள். முதல் வாரம், சேரிப் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் உட்கார வைக்கக் கூடாது என்று சில வீட்டார் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அப்பா வாதம் எதுவும் செய்யவில்லை. பந்தியின் நடுவில் தானும் இலை போட்டு உட்கார்ந்து, தினமும் அங்கேயே சாப்பிட்டார். மாதம் முடிவதற்குள் நின்ற பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பசி ஒரு காரணம். வாத்தியாரே சாப்பிடுகிறார் என்பது இன்னொன்று.

அந்தக் காலத்துப் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் 1912-இல் பிறந்தவர். கிராமத்துப் பிள்ளை படிப்பதற்கு எத்தனை மைல் நடக்கவேண்டியிருந்தது என்று அறிந்தவர். சுயமரியாதை இயக்கத்தில் ஊறியவர். அதே இயக்கத்தைச் சேர்ந்த குஞ்சிதம் குருசாமியின் தங்கை காந்தம் அம்மையாரைச் சாதி மறுத்து மணந்தவர். அரசு வேலையில் இருந்துகொண்டு அந்தக் காலத்தில் அப்படி ஒரு திருமணம் செய்ய எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! வீட்டில் ஒரு நியாயம், அலுவலகத்தில் ஒரு நியாயம் என்று வாழாதவர் என்பதாலேயே அப்பாவுக்கு அவர்மேல் அப்படி ஒரு மதிப்பு.

சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் முதலாவது, அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகிற இதே ரயில் பாதையில், திருவள்ளூரைத் தாண்டி இருக்கிற கடம்பத்தூரில் 1958-இல் நடந்தது. முறை எளிது. ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன இல்லை என்று பட்டியல் போடுவது. கரும்பலகை, மணி, கடிகாரம், பெஞ்சு, குடிநீர்ப் பானை, கட்டடத்துக்கு இடம் என்று ஊரார் அவரவரால் ஆனதை ஏற்பது. எல்லோரும் பார்க்கச் சபையில் அதை அறிவிப்பது. ஏற்றுக்கொண்டவர் மறுநாள் பின்வாங்க முடியாது. பக்கத்து ஊர்க்காரன் கேட்பான். கடம்பத்தூரில் தொடங்கியது பிறகு மாநிலம் முழுவதும் நடந்தது. அப்பா அங்கே போய்வந்த பிறகு தன் ஊரில் ஒரு பட்டியல் எழுதி மாரியம்மன் கோயில் சுவரில் ஒட்டினார். சுவர்க் கடிகாரம் தந்தவர் கள் இறக்கிப் பிழைத்த குடும்பத்தின் முதல் பட்டாளத்துக்காரர். அந்தக் கடிகாரம் நின்றுபோனால் ஊரே வந்து விசாரிக்கும் என்பார் அப்பா.

வீட்டிலும் அவர் வாத்தியார்தான். கல்யாணத்தின்போது அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். நாங்கள் தூங்கிய பிறகு சிம்னி வெளிச்சத்தில் அப்பா பாடம் சொல்லித் தர, இரண்டு பிள்ளைக்குத் தாயான பிறகு தனித்தேர்வராக எட்டாம் வகுப்புக்கான ஈ.எஸ்.எல்.சி. எழுதித் தேறினார் அம்மா. தேர்வுக்கு முந்திய மாதம் முழுக்க எங்கள் வீட்டில் சோறு வடித்தது அப்பா. ஊர்ப் பெண்கள் அதை வாசலில் நின்று பார்த்துப் பேசிச் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு அவர்களில் ஒருத்தி தன் மகளை ஆறாம் வகுப்புக்கு அனுப்பினாள். என் தம்பியும் நானும் அப்பாவின் பள்ளியில்தான் படித்தோம். தன் பிள்ளையை அனுப்பாத பள்ளிக்கு அடுத்தவன் பிள்ளையை எப்படிக் கேட்பது என்பது அவர் கட்சி.

இன்று ஆவடி வழியாகப் போகிற எம்.டி.எச். ரோட்டில் காலை ஏழரைக்கு நின்று பாருங்கள். மஞ்சள் வேன்கள் வரிசையாகப் போகும். பட்டாபிராமிலும் திருமுல்லைவாயலிலும் அடுக்குமாடியில் இருப்பவர்கள் பலர், இரண்டு தெரு தள்ளி இருக்கும் அரசுப் பள்ளியின் கேட்டைத் தாண்டியதே கிடையாது. கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கிற பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். பயம்தான் அவர்களை அங்கே தள்ளுகிறது. ஆனால் அரசுப் பள்ளியில் மிஞ்சியிருப்பது யார் பிள்ளைகள்? தினக்கூலிக்காரர் பிள்ளைகள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து எஸ்டேட்டிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களின் பிள்ளைகள். குரல் எழுப்ப நேரமில்லாதவர்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. கடம்பத்தூரில் சபை கூட்டிச் செய்த வேலைக்கு இப்போது சட்டத்தின் பலமே இருக்கிறது. நாற்காலிகள்தான் காலி. 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தில் கம்பெனிகள் தருகிற பணம் வேண்டியதுதான். அது கழிப்பறை கட்டும். கட்டிய கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று வந்து பார்க்க, அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கிற ஒருவர் வேண்டும்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம் வைக்கட்டும். அதற்கு ஆசிரியர்களுக்கு ஈடு செய்யும் விடுப்பு கொடுக்கட்டும்; அவர்களுக்கும் குடும்பம் உண்டு. தமிழ் தெரியாத பெற்றோருக்கு இந்தியில் சொல்ல, அதே பள்ளியில் எட்டாவது படிக்கிற அவர்கள் பிள்ளையே போதும். என் பள்ளியில் மொழிபெயர்ப்பை அப்படித்தான் நடத்தினேன், நன்றாகவே நடந்தது. டேங்க் ஃபேக்டரியிலும் ரயில்வேயிலும் ஓய்வுபெற்று ஆவடியிலும் அண்ணனூரிலும் பென்ஷனோடு இருக்கும் முன்னாள் மாணவர்கள் வரலாம். எலெக்ட்ரீஷியனாக இருந்தவருக்கு நின்றுபோன மின்விசிறியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. பள்ளியில் இல்லாதவற்றின் பட்டியலைக் கேட்டிலேயே, தெருவில் போகிறவர் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். யார் எதை ஏற்றார்கள் என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். ஜூனில் பள்ளி திறந்த பிறகு வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.