பெயின்டுக்கு மட்டும் மார்க்ஸ் போடுவதை நிறுத்துங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கண்காட்சிக்கு நடுவராகப் போகும் ஆசிரியர்களும், பிள்ளைகளுக்கு மாடல் கிட் வாங்கிக் கொடுக்கும் பெற்றோரும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

மேசையிலிருந்து மூன்று அடி தள்ளி நின்று, பளபளப்பைப் பார்த்து மார்க்ஸ் போடுகிறோம். பிள்ளைகள் இதைக் கவனிக்காமலா இருப்பார்கள்? பெட்டியைத் திறந்ததும் பாகங்களைச் சட்டத்திலிருந்து கையாலேயே முறுக்கிப் பிடுங்கி, பசை தடவி, அன்றிரவே ஸ்ப்ரே. பிடுங்கிய இடத்தில் பள்ளம். இறக்கையின் ஓரம் முழுக்க அச்சுக்கோடு. பெயின்ட் மூடிவிடும் என்று நினைக்கிறார்கள். மூடாது, இன்னும் எடுத்துக் காட்டும்.

கணக்குப் பாருங்கள். 1/72 அளவில் அரை மில்லிமீட்டர் மேடு என்றால் நிஜ விமானத்தில் 36 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம்! அப்படியொரு இறக்கையோடு எந்த ஸ்பிட்ஃபயர் பறந்தது?

1944இல் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை நம்ம கண்டிக்குக் கொண்டு வந்தார், பேராதனைப் பூந்தோட்டத்துக்கு. ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக்கூடாது என்று இந்தப் பக்கத்துப் பிரிட்டிஷ் விமானங்களின் வட்டக்குறியில் சிவப்பையே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் இதைப் போனில் தேடிப் பிடித்து, சரியான நீலத்தில் அடிக்கிறார்கள். மாஷா அல்லாஹ். ஆனால் அதே விமானத்தின் முதுகில், இரண்டு பாதியும் ஒட்டிய இடம் வாய் திறந்து கிடக்கிறது.

"இதுக்கெல்லாம் எங்க ஸேர் நேரம், டியூஷன் இருக்கே" என்பார்கள். இரண்டு பின்னேரம் போதும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப்பசை போக, சோப் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் கழுவிக் காயவிட வேண்டும். (தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், பிளாஸ்டிக் கரைந்து போகும்.) பாகத்தை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தை இரண்டாம் தடவை சீவ வேண்டும். அச்சுக்கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்டி, 400, பிறகு 800 சேண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசும் பறக்காது. பசை போட முதல் சும்மா பொருத்திப் பார்க்க வேண்டும். இடைவெளிக்குப் பட்டி. கடைசியில் மெல்லிய சாம்பல் பிரைமர். விட்ட குறையெல்லாம் அதில்தான் தெரியும், திரும்பவும் தேய்க்க வேண்டி வரும். மழை நாளில் ஸ்ப்ரே டின்னைத் தொடவே வேண்டாம், ஈரத்தில் வெள்ளை பூத்துவிடும்.

நேரமில்லை என்பவர்கள் ஒருக்கா நத்தரம்பொத்த கலாபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். வார்த்தெடுத்த பித்தளையை அங்கே யாரும் அப்படியே மினுக்குவதில்லை. முதலில் அரம்தான்.

எனக்குக் கோபம் பிள்ளைகள் மேலல்ல, நம் மேல். விரல் தோல் போகத் தேய்த்து நேராக்கிய பிள்ளையின் மங்கலான மாடலுக்கு மூன்றாமிடம்கூடக் கொடுப்பதில்லை. அடுத்த வருஷம் அந்தப் பிள்ளையும் ஸ்ப்ரே டின்னோடுதான் வரும். (வாப்பாவே செய்து கொடுத்து மகன் பரிசு வாங்குவதைப் பற்றித் தனிப் பதிவு எழுதணும்.)

கண்காட்சிக் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள். ஒரு கிழமைக்கு முதல், பெயின்ட் அடிக்காத மாடலைப் பாடசாலைக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். கையில் எடுத்து, விரலால் தடவிப் பாருங்கள். பாதி மார்க்ஸை அன்றே போட்டுவிடுங்கள்.