வெட்டி எறியாதீர்கள், ஊற வையுங்கள்



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. என்னிடம் படித்தவர்களில் லாரி வைத்திருப்பவர்கள், ஓட்டுபவர்கள், பட்டறை நடத்துபவர்கள் என்று நிறையப் பேர் இருக்கிறீர்கள். பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய லாரியில் எக்ஸாஸ்ட் பிரேக் வால்வு இறுகிப்போனால், அதைச் சரிசெய்யாமல் தகட்டை வெட்டி எடுத்துவிடும் பழக்கம் நிற்க வேண்டும். நல்லம்பள்ளியைத் தாண்டித் தொப்பூர் இறங்குகிற வண்டிக்கு அதைச் செய்வது ரொம்பவும் தப்பு.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்னப் பாடம். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிபோல்டுக்கு அடுத்து, சைலன்சருக்குப் போகும் குழாயில் ஒரு வட்டத் தகடு இருக்கும். அதுதான் பட்டர்பிளை வால்வு. டிரைவர் சுவிட்சைப் போட்டால் காற்று சிலிண்டர் அந்தத் தகட்டைத் திருப்பிக் குழாயை அடைக்கும். டீசலும் நிற்கும். புகை போக வழியில்லாததால் பிஸ்டன் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கும். அந்தத் திணறல் கியர் வழியாகச் சக்கரத்துக்கு வந்து வண்டியைப் பிடித்து இழுக்கும். பிரேக் லைனிங் தேயாது, டிரம் சூடாகாது.

இது ஏன் முக்கியம்? எட்டாம் வகுப்புக் கணக்கே போதும். 28 டன் எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 27 மெகாஜூல். 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் அளவுக்குச் சூடாக்க அது போதும். அத்தனையையும் கால் பிரேக்கே தாங்க வேண்டும் என்றால் டிரம் பழுக்கும். சூட்டில் டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும், லைனிங்கின் பிடிப்பும் குறையும். அப்புறம் பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது.

தொப்பூரில் நடந்ததை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2020 டிசம்பர் 12 அன்று ஒரு லாரி முன்னால் நின்ற வாகனங்கள் மீது வரிசையாக மோதி நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்றும் நான்கு உயிர்கள் போயின. அந்த வண்டிகளில் எது பழுது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்த இறக்கத்தில் ஒரு லாரி கட்டுப்பாட்டை இழந்தால் முன்னால் போகிற குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

சரி, வால்வு ஏன் இறுகுகிறது? தகட்டைத் தாங்கும் ஷாஃப்டைச் சுற்றிக் கரி படியும். மழைக்காலத்தில் வண்டி நின்றால் துரு ஏறும். சமவெளியிலேயே ஓடும் வண்டியில் டிரைவர் மாதக்கணக்கில் சுவிட்சைத் தொடுவதே இல்லை. அசையாத கதவின் கீல் மாதிரி அது இறுகிவிடும். பாதி மூடிய நிலையில் இறுகினால் வண்டி இழுக்காது, புகை கக்கும், டீசல் குடிக்கும். உடனே பட்டறையில் "இது வேண்டாத சாமான்" என்று தகட்டை வெட்டிவிடுவார்கள். மறுநாள் வண்டி நன்றாக ஓடும், ஓனருக்கும் சந்தோஷம். ஆனால் மலையில் பிடித்து நிறுத்த இருந்த ஒரு கை போய்விட்டது.

என் பழைய மாணவர் ஒருவரின் பட்டறையில் வேறு மாதிரி பார்த்தேன். வயதான ஒரு வண்டி வந்திருந்தது. முதலில் காற்று சிலிண்டரின் கம்பியைக் கழற்றி, லீவரைக் கையால் அசைத்தார். அசைந்திருந்தால் கோளாறு காற்றுக் குழாயிலோ சுவிட்சிலோ இருக்கும். அசையவில்லை என்பதால் ஷாஃப்டுதான் இறுகியிருக்கிறது என்று முடிவுசெய்தார். இன்ஜின் ஆறிய பிறகு ஷாஃப்டின் இரண்டு முனையிலும் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற வைத்தார். காலையில் ஷாஃப்டின் முனையை லேசாக, இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. நூலளவு அசைந்ததும் திரும்ப எண்ணெய். அப்படியே முன்னும் பின்னும் ஆட்டி மதியத்துக்குள் விடுவித்துவிட்டார். கடைசியில் சாதாரண கிரீஸ் போடவில்லை. அது சூட்டில் கருகித் திரும்பவும் கரியாகும் என்று சொல்லி, சூடு தாங்கும் கிராஃபைட் பூசினார்.

மேனிபோல்டு நட்டு இறுகியிருந்தாலும் இதே பொறுமைதான். நட்டைச் சூடாக்கினால் அது ஸ்டட்டை விடக் கொஞ்சம் அதிகமாக விரியும். 10 மில்லிமீட்டர் இரும்பு 400 டிகிரி சூடேறினால் விரிவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். துருவின் பிடியை உடைக்க அதுவே போதும். டீசல் குழாய் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு சூடு காட்டுங்கள். சுத்தியலால் மேனிபோல்டை அடிக்காதீர்கள், சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

"சார், ஒரு நாள் வண்டி நின்றால் வாடகை யார் கொடுப்பார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தவணை கட்டுகிறவரின் கஷ்டம் எனக்கும் தெரியும். அதனால்தான் பழியை டிரைவர் தலையில் மட்டும் போடக்கூடாது என்கிறேன். விபத்து நடந்ததும் "நியூட்ரலில் வந்தான்" என்கிறோம். நியூட்ரலில் இறங்குவது குற்றம்தான், கியர் இல்லையென்றால் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தும் பயனில்லை. ஆனால் வால்வே இல்லாத வண்டியைக் கையில் கொடுத்துவிட்டு, கவனமாக இறங்கு என்று சொல்வது என்ன நியாயம்?

எட்டு வருடத்துக்கு மேலான லாரிக்கு வருடா வருடம் எஃப்சி எடுக்கிறோம். பெயின்ட், ஸ்டிக்கர், லைட் எல்லாம் பார்க்கிறார்கள். கம்பெனியிலிருந்து எக்ஸாஸ்ட் பிரேக்கோடு வந்த வண்டியில் அது இன்னும் வேலை செய்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுச் சுவிட்சைப் போட்டால் லீவர் திரும்புகிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். உயர்மட்டச் சாலை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். சாலை வரட்டும், நல்லதுதான். ஆனால் பிடிப்பில்லாத வண்டி எந்தச் சாலையிலும் பிடிப்பில்லாத வண்டிதான்.

லாரி வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். சமவெளியில் ஓடினாலும் தினமும் நாலைந்து முறை எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். அசைந்துகொண்டே இருந்தால் இறுகாது. பாளையம் சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கும்போது ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, குறைந்த கியரில் மலை இறங்கச் சொல்லுங்கள்.

இந்த வாரம் உங்கள் வண்டியைப் பாருங்கள். லீவர் திரும்பியதா இல்லையா என்று கீழே எழுதுங்கள். திரும்பவில்லை என்றால் வெட்டுவதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். ஊற வைக்கத் தெரிந்த பட்டறைக்கு வழி சொல்கிறேன்.